பிடிமண்ணுக்குப் பட்டா இல்லை

1929-ஆம் ஆண்டில் மலாயாவில் நடந்த இரண்டு வருகைகளுக்கு எழுத்துச் சான்று உண்டு. ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேய வணிகர், இலங்கைத் தேயிலையில் கைதேர்ந்த ஏ.பி. மில்னைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கியது ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. பினாங்குத் துறைமுகத்தில் வந்து இறங்கியது இன்னொன்று. தேயிலை வந்ததைக் கம்பெனி எழுதி வைத்தது. பெரியார் வந்ததைப் பத்திரிகைகள் எழுதின. அந்தக் காலத்தை ஒட்டி மலையேறிய இன்னொருத்தி இருக்கிறாள். அவளுக்கு மட்டும் தேதி கிடையாது. கங்காணியின் தகரப் பெட்டியிலோ, யாரோ ஒரு கிழவியின் முந்தானை முடிச்சிலோ வந்திருப்பாள் மாரியம்மன்.

குலசாமியைக் குடிபெயர்க்கத் தமிழ்க் கிராமங்களுக்கு ஒரு வழி தெரியும். தாய்க்கோயில் வாசலில் ஒரு பிடி மண் அள்ளி, மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துப்போய், போன இடத்தில் அதை வைத்துப் பீடம் போடுவது. அதற்குச் சிற்பி வேண்டாம், சாஸ்திரம் படித்தவர் வேண்டாம், கல்கூட வேண்டாம். நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறியவர்கள் கொண்டுவந்த மூட்டைகளில் இப்படிப்பட்ட முடிச்சுகள் எத்தனை இருந்தன என்று எந்தக் குடியேற்றப் பதிவேடும் எண்ணவில்லை. ஆளை எண்ணினார்கள், அம்மைத் தழும்பைக் குறித்துக்கொண்டார்கள். அம்மையின் சொந்தக்காரி கணக்கில் வராமலே உள்ளே வந்துவிட்டாள்.

கேமரன் மலைக்கு அவள் வந்த பாதை இன்னும் சற்றுச் சுற்றுவழியாகத்தான் இருந்திருக்கும். தாப்பாவிலிருந்து மேலே ஏறும் மலைப்பாதை 1930-களின் தொடக்கத்தில்தான் சீரானது. 1938-இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆளனுப்புவதைத் தடைசெய்துவிட்டது. ஆகவே ஊரிலிருந்து நேரே தேயிலைக் காட்டுக்கு ஆள் வரக் கிடைத்த காலம் பத்தாண்டுக்கும் குறைவு. மலையின் முதல் தலைமுறையில் கணிசமானவர்கள் கீழே ரப்பர்த் தோட்டங்களில் ஏற்கெனவே வேர்விட்டு, அங்கிருந்து இரண்டாம் முறை பெயர்ந்தவர்களாக இருக்கவேண்டும் என்பது என் ஊகம். அப்படியென்றால் அவர்களுடைய சாமியும் இரண்டாம் முறை பெயர்ந்த சாமி. பிடிமண்ணிலிருந்து எடுத்த பிடிமண்.

ஒவ்வொரு தோட்டத்துக்கும் இரண்டு வரைபடங்கள் இருந்தன. ஒன்று தோட்ட மேலாளரான தொரையின் மேசையில் இருந்தது. குன்றின் உச்சியில் பங்களா, கொஞ்சம் கீழே எழுத்தரான கிராணியின் வீடு, தொழிற்சாலை, காலையில் ஆள் கணக்கெடுக்கப் பெரட்டு நிற்கும் களம், எல்லாவற்றுக்கும் கீழே தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள். மற்றொன்று தொழிலாளியின் மனத்தில். அதில் நடுநாயகம் மாரியம்மன் கோயில். தோட்டத்துக்குள் நுழையும் வழியில் அல்லது காடு தொடங்கும் ஓரத்தில் ஒரு பெரிய மரம், அதனடியில் சூலமும் சுருட்டுமாக முனியாண்டி. புற்று இருந்தால் நாகம்மாள். முதல் வரைபடத்தில் யார் எங்கே வசிக்கலாம் என்று இருந்தது. இரண்டாவதில் இருட்டில் எதுவரை பயமில்லாமல் நடக்கலாம் என்று இருந்தது.

‘காவல்’ என்ற சொல்லைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். தெய்வம் காக்கும் என்பதை இன்று நாம் பொதுவான நம்பிக்கைப் பேச்சாக வாசித்துவிடுகிறோம். தோட்டத்தில் அது ஒப்பந்தம். தென்மாவட்டக் கிராமங்களில் காவல்காரருக்குக் களத்தில் நெல் அளப்பதுபோல, எல்லையில் நிற்கும் முனிக்குப் படையல் அளந்தார்கள். படைத்தால் காப்பான், மறந்தால் கேட்பான். காப்பது எதிலிருந்து என்பதும் தெளிவாகவே இருந்தது. காட்டை வெட்டிய முதல் தலைமுறைக்குக் காய்ச்சல், பாம்பு, பகாங் காட்டுப் புலி, மழையில் வழுக்கும் சரிவு. அடுத்து ஜப்பானியர் காலம். மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில்பாதைக்கு இழுத்துச்செல்லப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. அது முடிந்து மூச்சுவிடுவதற்குள், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க 1948-இல் அவசரகாலம். பகலில் பட்டாளமும் இரவில் காட்டுப்போராளிகளும் கேள்வி கேட்டார்கள். இந்த வரிசையைத் தாண்டிப் பிழைத்த குடும்பம் ‘ஆத்தா காப்பாத்துனா’ என்று சொன்னால் அது சாட்சியம். நன்றி பிறந்த இடமும் அதுவே.

அந்த நன்றிக்குத் தமிழில் உள்ள பெயர் நேர்த்திக்கடன். சொல்லின் பின்பாதி ‘கடன்’ என்பதை நாம் பெரும்பாலும் காதில் வாங்குவதில்லை. தோட்டத் தொழிலாளி இரண்டு கடன்களுக்குள் வாழ்ந்தார். ஒன்று கங்காணியிடமும் தோட்டக் கடையிலும் பற்று வரவாக நீண்டது. அதன் கணக்கை எழுதியவர் வேறொருவர், அது தீர்ந்ததாக அவரும் சொன்னதில்லை. மற்றொன்று ஆத்தாளிடம் வாங்கியது. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கினால் பால்குடம், போனவர் திரும்பினால் காவடி, தவறாமல் மழை பெய்தால் கூழ். இந்தக் கடன் தீரும். ஒருநாள் தீ மிதித்துக் கரையேறினால் தீர்ந்தது. வாழ்நாள் முழுக்க இன்னொருவர் எழுதும் பேரேட்டில் கிடந்தவர்கள், தாங்களே கணக்கு முடிக்கக்கூடிய ஒரு கடனை ஆண்டுக்கொருமுறை அடைத்து நிமிர்ந்ததை மூடநம்பிக்கை என்று மட்டும் எழுதித் தள்ளிவிட எனக்குக் கை வருவதில்லை.

பெரியார் தள்ளினார். திருவிழாவுக்கும் கள்ளுக்கும் கூலியைக் கரைக்கிறார்கள் என்ற அவருடைய கோபத்தில் உண்மை இருந்தது. 1932-இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும் அந்தக் கோபத்தில் பிறந்ததுதான். கோயிலால் தொரைக்கு லாபம் என்பதையும் மறுக்கமுடியாது. பல தோட்டங்களில் கோயில் சந்தா சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டது. திருவிழாவுக்கு விடுமுறை தந்து, மாலையும் முதல் மரியாதையும் வாங்கிக்கொண்ட தொரைக்கு, சாமி இருக்கும் தோட்டத்தை விட்டு ஆள் ஓடமாட்டான் என்ற நிம்மதி கிடைத்தது. காவல் வட்டத்துக்குள்ளும் கோடுகள் இருந்தன; எந்தச் சாதிக்காரர் எந்த லயத்தில், யார் கையால் தீர்த்தம் என்பதெல்லாம் கடலைத் தாண்டியும் அழிந்துவிடவில்லை. இத்தனையையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. பெரட்டு மணியையும் கூலியையும் லயத்து அறையையும் வேறு யாரோ தீர்மானித்த ஓர் உலகத்தில், திருவிழாவை எந்தத் தேதியில் வைப்பது என்பதைத் தொழிலாளிகள் கூடித் தீர்மானித்தார்கள். வேறு எதையும் அப்படித் தீர்மானித்ததாகத் தெரியவில்லை.

கோயில் கட்ட இடம் கேட்டபோது தொரை கையை நீட்டிக் காட்டினார், அவ்வளவுதான் ஆவணம். கோயில் நின்ற நிலம் கம்பெனியின் பட்டாவுக்குள்ளேயே கிடந்தது. கம்பெனி இருக்கும்வரை இது ஒரு குறையாகவே தோன்றவில்லை. லயத்துக்கும் பட்டா இல்லை, பள்ளிக்கூடத்துக்கும் இல்லை, கோயிலுக்கு மட்டும் எதற்கு?

கம்பெனிகள் போகத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. 1950-களில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டதைப் பொருளியல் அறிஞர் உங்கு அஜீஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அந்தத் துண்டாடலுக்குப் பதிலாகத்தான் அமைச்சர் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். தமிழர்கள் மலேசியாவில் சாமியின் காலடி நிலத்துக்கும் சேர்த்து விலை கொடுத்த அரிய தருணங்களில் அது ஒன்று. ஆனால் வாங்கியதைவிட வாங்க முடியாமல் போனது மிக அதிகம். கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர்த் தோட்டங்கள் அடுத்தடுத்த பத்தாண்டுகளில் ஷா ஆலமாகவும் சுபாங் ஜெயாவாகவும் புக்கிட் ஜாலிலாகவும் மாறின. நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவே பிராங் பெசார் தோட்டத்தின் மேல் எழுந்ததுதான். பால்மரம் போனது, லயம் போனது, ஆட்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள். கோயில் மட்டும் புதிய நெடுஞ்சாலையின் ஓரத்தில், யாருடைய நிலத்திலோ, திகைத்து நின்றது.

அதற்கு மலாயில் இப்போது புழங்கும் பெயர் ‘கூயில் ஹராம்’. அனுமதியில்லாத கோயில் என்று பொருள். கூயில் என்ற அந்தச் சொல் நம்முடைய கோயிலிலிருந்து மலாய்க்குப் போனது. சொல்லுக்குக் குடியுரிமை கிடைத்திருக்கிறது.

2007 அக்டோபர் 30 அன்று, தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கையில், ஷா ஆலமில் பாடாங் ஜாவா பகுதியில் இருந்த மகா மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. நவம்பர் 25 அன்று, இந்து உரிமைகளுக்கான இண்ட்ராஃப் அமைப்பின் அழைப்பில் பல்லாயிரம் பேர் கோலாலம்பூர்த் தெருக்களில் திரண்டார்கள். அவர்கள் ஏந்திப்போக நினைத்த மனு பிரிட்டிஷ் அரசிக்கு எழுதப்பட்டது. பலருக்கு அது வினோதமாகத் தோன்றியது. எனக்கு அதில் ஒரு கணக்கு நேர்மை தெரிகிறது. வாய்வார்த்தையாக இடத்தைக் காட்டிவிட்டுப் போன தொரையின் முகவரி அதுதானே.

சீஃபீல்டு கோயிலின் கதை இன்னும் கசப்பானது. 1891-இல் தோன்றியதாகச் சொல்லப்படும் தோட்டக் கோயில் அது. சுபாங் ஜெயாவில் நிலம் கைமாறிய பிறகு, கோயிலுக்குள்ளேயே யார் நிர்வாகி என்று வழக்கு. 2014-இல் நீதிமன்றத்தில் இடமாற்றத்துக்கு ஓர் உடன்பாடு பதிவானது. ஒரு சாரார் அதை ஏற்கவில்லை. 2018 நவம்பர் 26 அதிகாலையில் கோயிலுக்குள் ஒரு கும்பல் புகுந்ததில் கலவரம் மூண்டது. மறுநாள் இரவுக் கலவரத்தில் படுகாயமுற்ற முகமது அடிப் என்ற இளம் தீயணைப்பு வீரர் டிசம்பரில் இறந்தார். கோயிலைக் காக்கத் திரண்டவர்களின் வரலாற்றோடு ஒரு மலாய்த் தாயின் அழுகையும் அன்று முதல் பிணைந்துவிட்டது. புனித இடம் பறிபோவதைப் பற்றி எழுதுகிறவர் இந்தச் சாவைத் தாண்டிக்கொண்டு போக முடியாது.

இப்படிப்பட்ட ஒவ்வொரு முறையும் நம் தரப்பில் ஒரு வாதம் எழும்: தெய்வத்தை இடம்பெயர்க்கக் கூடாது, அது இருந்த இடத்தில்தான் இருக்கும். உணர்ச்சியாக இது புரிகிறது. வாதமாக நிற்காது. நம் மரபே இதற்கு எதிர்ச்சாட்சி. 1323-இல் டில்லிப் படை வந்தபோது ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் கோயிலை விட்டு வெளியேறி, ஊர் ஊராக அலைந்து, 1371-இல்தான் திரும்பினார் என்று கோயிலொழுகு எழுதிவைத்திருக்கிறது. சிதம்பரத்து நடராசர் பதினேழாம் நூற்றாண்டில் ஏறத்தாழ முப்பத்தெட்டு ஆண்டுகள் வெளியூர்வாசம் செய்தார். திருகோணமலையில் போர்த்துகீசியர் 1622-இல் கோணேசர் கோயிலை இடித்தபோது மண்ணுக்குள் போன செப்புத் திருமேனிகள், 1950-இல் கிணறு வெட்டிய இடத்தில் கிடைத்தன. குடமுழுக்குக்கு முன் மூர்த்தியின் ஆற்றலைக் கும்பத்தில் இறக்கிப் பாலாலயத்தில் வைக்கும் முறை இன்றும் எல்லா ஊரிலும் உண்டு. தோட்டத்து மாரியோ பிடிமண்ணாகவே கடலைக் கடந்தவள். நகர்வது நம் சாமிகளுக்குப் புதிதன்று.

அப்படியானால் வலி எங்கே இருக்கிறது? நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அவருடைய அடியார்கள். பிடிமண்ணை முடிந்தவள் அதை வணங்கியவள். எந்த நாளில் எடுப்பது, யார் சுமப்பது, எங்கே இறக்குவது என்று அவர்கள் சாமியிடமே பூக்கட்டிப் பார்த்துக் கேட்டார்கள். இடிப்புக்கான அறிவிப்பில் கேள்வி இல்லை. தேதி மட்டும்தான் இருக்கிறது. மாற்று இடம் என்று காட்டப்படுவது கழிவுநீர்க் குளத்தின் பக்கத்திலோ தொழிற்பேட்டையின் மூலையிலோ இருக்கிறது என்ற புகார் பல ஆண்டுப் பழையது. 2025 மார்ச்சில், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் நூற்றாண்டு கடந்த தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயிலை ஏறத்தாழ 50 மீட்டர் தள்ளி மாற்றுவதென உடன்பாடு ஏற்பட்டது. ஐம்பது மீட்டர் என்பது தூரமா? அந்த நிலத்தை மாநகராட்சி தனியாருக்கு விற்றது 2014-இல். விற்றபோது கோயில் அங்கேதான் இருந்தது. தூரத்தை விட இந்த வரிசைதான் மனத்தை அறுக்கிறது.

இப்போது மலைக்குத் திரும்பலாம்.

கீழே நடந்தது கேமரன் மலையில் நடக்கவில்லை. ரப்பரைப் பெயர்த்துச் செம்பனை போட்டதுபோலவோ, செம்பனையைப் பெயர்த்து வீடு கட்டியதுபோலவோ தேயிலையைப் பெரிய அளவில் யாரும் பெயர்க்கவில்லை. ரஸ்ஸல் 1933-இலேயே இறந்துவிட்டார். ஆனால் அவருடைய குடும்பத்தின் கையில் போ நீடித்து, நாட்டின் மிகப் பெரிய தேயிலை நிறுவனமாக வளர்ந்தது. ஹாபு பக்கத்தில் போ, ஃபேர்லி, பிரிஞ்சாங் உச்சியை ஒட்டி சுங்கை பாலாஸ் எனத் தோட்டங்கள் பச்சையாகவே இருக்கின்றன. அதே 1933-இல் வட இந்திய அகர்வால் குடும்பம் தொடங்கிய பாரத் தோட்டமும் தானா ராத்தாவுக்குக் கீழே இருக்கிறது. தேநீர்க் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் சுற்றுலாப் பயணிகள் உட்கார்ந்து ரசிக்கும் அந்தச் சரிவுகளின் மடிப்பில், தொழிலாளர் குடியிருப்பும் பள்ளியும் கோயிலும் இன்னும் தெரிகின்றன. பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணி கோயிலின் வண்ணக் கோபுரத்தைப் பயணக் கையேடுகளே பரிந்துரைக்கின்றன.

கோயில் நிற்கிறது. ஆட்கள் போய்விட்டார்கள். கீழே ஆட்கள் இருக்கக் கோயில் போனதன் நேர் தலைகீழ் இது.

எப்படிப் போனார்கள் என்பதில் மர்மம் இல்லை. பிள்ளைகள் படித்தார்கள். ஈப்போவில், கோலாலம்பூரில், சிங்கப்பூரில் சம்பளம் கூடுதல். கூடையோடு இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளிய விரல்களின் இடத்தில் முதலில் கத்தரி வந்தது, பிறகு இருவர் இருபுறமும் பிடித்துக்கொண்டு நடக்கும் அறுவை இயந்திரம் வந்தது. இயந்திரத்தைப் பிடிக்க வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். லயத்தை விட்டுப் போனவர்களை அனுப்பியது வறுமையோ விரட்டலோ என்பதைவிட, தங்கள் பெற்றோர் வேண்டிக்கொண்டது பலித்ததுதான். ‘என் பிள்ளைக்காவது இந்தக் கூடை வேண்டாம் ஆத்தா’ என்பதைவிடத் தோட்டத்தில் பொதுவான வேண்டுதல் வேறு என்ன இருந்திருக்க முடியும்? ஆத்தா கேட்டுக் கொடுத்தாள். கொடுத்து, தனியாகிவிட்டாள்.

இந்த இழப்பைப் பற்றிப் புலம்புவது கடினம், ஏனென்றால் குற்றவாளி இல்லை. இடிப்பு இயந்திரத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம், அதிகாரியின் பெயரைக் கேட்கலாம், நீதிமன்றம் போகலாம். மகன் பொறியாளரானதை எதிர்த்து எங்கே மனு கொடுப்பது? இதனாலோ என்னவோ, மலேசியத் தமிழ் எழுத்தில் இடிபட்ட கோயிலுக்கு இருக்கும் இடம், ஆளொழிந்த கோயிலுக்கு இல்லை. ஒப்பாரிக்கு ஒரு பிணம் வேண்டியிருக்கிறது.

இன்னொரு வகை இழப்பும் ஓசையில்லாமல் நடக்கிறது. அதைச் செய்வது நாமே. வெளியூர் போய் நன்றாக வாழ்கிறவர்கள், தோட்டத்துக் கோயிலை மறக்காதவர்கள், பணம் திரட்டித் திருப்பணி செய்கிறார்கள். தகரக் கூரை போய்க் கோபுரம் எழுகிறது. நட்டுவைத்த கல் போய்த் தமிழ்நாட்டுக் கருங்கல் சிலை வருகிறது. சுருட்டும் சாராயமும் சேவலும் கேட்ட முனியாண்டி முனீஸ்வரராகி, சிவனின் அம்சமாகி, சைவமாகிவிடுகிறார். நன்றியால் செய்யப்படுவதுதான் எல்லாம். ஆனால் முதல் கங்காணியின் கை பட்ட அந்தக் கல் எங்கே என்று கேட்டால், பல ஊர்களில் பதில் இருக்காது. ஆற்றில் விட்டிருப்பார்கள், அஸ்திவாரத்தில் போட்டிருப்பார்கள். ஆய்வாளனின் வயிற்றெரிச்சல் இது என்று ஒதுக்கிவிடலாம்தான். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்: திருப்பணிக்கு முன்னால் ஒரு நல்ல புகைப்படமாவது எடுத்து வையுங்கள்.

ஏனென்றால் இந்தக் கோயில்களுக்குக் கல்வெட்டு இல்லை. ஸ்ரீரங்கத்துக்கு ஒழுகு இருக்கிறது, தஞ்சைக்குச் சுவர் முழுக்க எழுத்து இருக்கிறது. தோட்டத்து மாரிக்கு இருப்பவை மங்கிப்போன திருவிழா நோட்டீஸ், நிர்வாகக் குழுவின் வரவு செலவு நோட்டு, குழல்விளக்கிலும் மின்விசிறி இறக்கையிலும் தரை ஓட்டிலும் எழுதிய ‘உபயம்’. அந்த உபயங்களை வரிசைப்படுத்தினாலே ஒரு சமூக வரலாறு கிடைக்கும். யார் குடும்பம், எந்த ஆண்டு, என்ன வேண்டுதல், பின்னால் எந்த ஊருக்குப் போனார்கள் என்று. லயத்து எண் எழுதிய இடத்தில் ஒரு தலைமுறைக்குப் பிறகு ‘தாமான்’ என்ற நகரக் குடியிருப்பின் பெயர் வரும், அதற்கும் பிறகு வெளிநாட்டு ஊர் வரும். நான் அறிந்தவரை இதை முறையாகச் செய்தவர் குறைவு.

இனி, காவல் விஷயம். கேமரன் மலை மண் உறுதியானதன்று. காய்கறிப் பண்ணைகளுக்காகச் சரிவுகள் வெட்டப்பட, கழுவிவரும் மண் 1963-இல் ரிங்லெட்டில் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணையின் ஏரியில் போய்ப் படிகிறது. 2013 அக்டோபர் 23 நள்ளிரவு கடந்த நேரத்தில் பெருமழையால் அணை திறக்கப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்குக் குடியிருப்புகளைச் சேற்று வெள்ளம் அடித்தது, உயிர்கள் போயின. 2024 ஜனவரி 26 அதிகாலையில் கம்போங் ராஜா பக்கம் புளூ வேலியில் மண் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த ஐந்து மியன்மார்த் தொழிலாளிகளைப் புதைத்தது.

மலைத்தோட்டத் தமிழர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமில்லை. 2014 அக்டோபர் 29 காலையில் இலங்கையின் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2020 ஆகஸ்டு 6 இரவு மூணாறு ராஜமலையில் பெட்டிமுடி லயங்களோடு 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் போன குடும்பத்தினர். அந்த இரண்டு மலைகளிலும் மாரியம்மன் இருந்தாள், எல்லையில் முனி இருந்தான். ‘அப்போது சாமி என்ன செய்தது?’ என்று கேட்பது எளிது. பிழைத்தவர்களும் அதைக் கேட்காமல் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைச் சாமியிடம் கேட்பதற்கு முன்னால், நீர் வழிகிற சரிவின் அடியில் லயத்தைக் கட்டிய வரைபடத்திடம் கேட்கவேண்டும். தொரையின் மேசையில் இருந்த அந்த முதல் வரைபடம்தான் யார் எங்கே தூங்குவது என்று தீர்மானித்தது. தொழிலாளியின் வரைபடம் பின்னால் வந்தது, முதலாவது விட்டுவைத்த ஓட்டைகளை அடைக்க. காவல் தெய்வம் என்பதே காவல் இல்லாத இடத்தில் முளைப்பது. மலையில் எவ்வளவு நன்றி குவிந்திருக்கிறது என்று பார்த்தால், எவ்வளவு பாதுகாப்பு மறுக்கப்பட்டது என்பதற்கு ஓர் அளவு கிடைக்கும்.

புளூ வேலியில் இறந்த ஐவரும் எந்தச் சாமியைக் கும்பிட்டார்கள் என்று செய்திகள் சொல்லவில்லை. அவர்களும் ஊரிலிருந்து எதையாவது முடிந்துகொண்டு வந்திருப்பார்கள்.

கதையை 1929-இல் தொடங்கியது ஒரு வசதிக்காகத்தான். அதற்கு முன் இந்த மலை காலியாக இருக்கவில்லை. வில்லியம் கேமரன் 1885-இல் நில அளவைக்கு வந்தபோதே செமாய் மக்களின் உலகம் இது. அவர்களுக்கு ஆறும் பாறையும் மரமும் ஆளுடையவை. விலங்கைக் கேலி செய்தால் இடி கோபித்துக்கொள்ளும், ஊரே அஞ்சி அடங்கும். ராபர்ட் டென்டன் 1968-இல் எழுதிய நூல் அவர்களுடைய வன்முறையற்ற வாழ்வை உலகுக்குச் சொன்னது. தேயிலைக்காகக் காட்டை எரித்தபோது போனவற்றில் அவர்களுடைய புனித இடங்களும் இருந்திருக்கும். வெட்டியவை கங்காணி கொண்டுவந்த நம் ஆட்களின் கைகள். முனியாண்டிக்கு நாம் தேர்ந்த பெரிய மரம் அதற்கு முன் யாருடையதாக இருந்தது என்று நம் தல புராணம் எதுவும் கேட்கவில்லை. இன்றும் அண்டை மாநிலமான கிளந்தானில் நெங்கிரி அணை தெமியார் மக்களின் மூதாதையர் நிலத்தையும் கல்லறைகளையும் நீருக்கடியில் கொண்டுபோகும் என்று அவர்கள் போராடி வந்திருக்கிறார்கள்.

சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பூர்வகுடிகளின் நில உரிமை காகிதத்திலிருந்து பிறப்பதன்று, வழிவழி வாழ்விலிருந்து பிறப்பது என்று மலேசிய நீதிமன்றங்கள் 1997-இல் அடோங் வழக்கிலும் 2002-இல் சகோங் தாசி வழக்கிலும் ஏற்றுக்கொண்டன. நடைமுறை வேறு விஷயம். கொள்கையளவில் பட்டா இல்லாத புனிதத்துக்கு அங்கே ஒரு கதவு திறந்திருக்கிறது. மூன்று நான்கு தலைமுறை விளக்கேற்றிய தோட்டக் கோயிலுக்கு அந்தக் கதவு பொருந்தாது. பூர்வகுடிக்குச் சமமாக உரிமை கேட்பது நியாயமும் ஆகாது. ஆனால் பூர்வகுடிக்கும் அத்துமீறிக்கும் நடுவே, கூட்டிவரப்பட்டு, இடம் காட்டப்பட்டு, நூறாண்டு உழைத்தவர் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அவருக்குச் சட்டத்தில் பெயர் இல்லை. அவருடைய சாமிக்கும் இல்லை.

தைப்பூசத்துக்கும் தோட்டத் திருவிழாவுக்கும் கார்கள் மலையேறுகின்றன. தாப்பா வழியாகவும் சிம்பாங் பூலாய் வழியாகவும் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். கரகம் எடுத்து, கூழ் ஊற்றி, பாட்டி வேலை செய்த சரிவைப் பிள்ளைகளுக்குக் காட்டி, ஞாயிறு மாலையில் இறங்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு பல மலேசியக் கோயில்களில் அம்மனோடு தங்குகிறவர் தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்திருக்கும் ஓர் அர்ச்சகர்தான். குடும்பம் ஊரில். கைப்பேசியில் பிள்ளையின் முகம். அனுமதிக்குக் காலக்கெடு உண்டு. புதுப்பிக்காவிட்டால் மூட்டையைக் கட்டவேண்டும். பனி இறங்கும் அந்த நேரத்தில் அவர் நோட்டைப் பிரித்து, ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இருப்பவர்களின் பெயர், நட்சத்திரம், ராசி என்று ஒவ்வொன்றாக வாசித்து, காலியான மண்டபத்தில் அர்ச்சனை செய்கிறார்.